பதிவும் இருப்பும்

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் விளையாட்டுக்குரிய பொழுதாகும். பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை என எத்திசை சென்றாலும், மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த சிறு மைதானங்களைக் காணலாம். ஒரு புறம் தேயிலை. மறு புறம் பள்ளம். மேற்பிரிவு இளைஞரும் கீழ்ப்பிரிவு இளைஞரும் அங்கே கிரிக்கெட் ஆடுவர். பந்து பள்ளத்தில் விழுந்தால் ஆட்டம் நிற்கும். சிறுவர் இறங்கித் தேடி எடுத்துவருவர். ஆட்டம் மீண்டும் தொடங்கும். மறுநாட் காலை பிரட்டுக்களத்தில் அவ்வாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொள்வர். சில வாரங்களில் அப்பேச்சும் அடங்கிவிடும்.

இத்தகைய மைதானமொன்றில் இருபது ஆண்டுகள் பந்து வீசிய தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொள்வோம். அவரோடு ஆடியவர்கள் இன்று முதியவர்கள். அவரது பந்துக்கு நின்று ஆடக்கூடியவர் அயற்றோட்டங்களிலும் இருக்கவில்லை என்பது அவர்கள் கூற்று. பேரன் முறையான இளைஞன் ஒருவன், அவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதப் புகுகின்றான். பெயரையும் தோட்டத்தையும் ஆடிய ஆண்டுகளையும் எழுதுகின்றான். சான்று எங்கே என்னும் வினா எழுகின்றது. நூலோ, செய்தித்தாட் குறிப்போ, ஓட்டக் கணக்கேடோ அவன் கையில் இல்லை. சில நாட்களில் அக்கட்டுரை நீக்கப்படுகின்றது.

நீக்கியவர் அநீதி இழைத்தாரா? எழுதியவன் எழுதத் தகாததை எழுதினானா? இருவரும் நல்லெண்ணத்தோடு செயற்பட்டவர்களே எனின், அம்முதிய பந்துவீச்சாளருக்கு நேர்ந்த குறைக்குப் பொறுப்பாளர் யார்? சிறிதாகத் தோன்றும் இந்நிகழ்வினுள் அறிவு பற்றிய வினாவொன்றும் அறம் பற்றிய வினாவொன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதலில், நீக்கியவர் பக்கத்து நியாயத்தை அறிதல் முறையாகும். 2001ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும் 2003ஆம் ஆண்டு தமிழிலும் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா, எவரும் எழுதக்கூடிய கலைக்களஞ்சியமாகும். எழுதுபவர் யார், அவர் கல்வித் தகுதி யாது என்று அது வினவுவதில்லை. ஆகவே எழுதப்பட்டதைச் சோதித்தற்கு வேறு வழி அதற்குத் தேவைப்படுகின்றது. நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை, புத்தாய்வு கூடாமை என்னும் மூன்று விதிகளும் அத்தேவையினின்றும் பிறந்தவை. எழுதப்படும் செய்தி, நம்பத்தக்க வெளியீடொன்றில் முன்னரே வந்திருத்தல் வேண்டும். படிப்பவர் விரும்பினால் அங்கே சென்று சரிபார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். கிரிக்கெட் வீரர் பற்றிய விதி முன்னர் சற்று நெகிழ்ந்திருந்தது. முதல்தர ஆட்டமொன்றில் ஆடியவர் எனின், அதுவே ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்கொரு கட்டுரை அமையப் போதியதாகக் கொள்ளப்பட்டது. முதலெழுத்தும் குடும்பப் பெயரும் தவிர வேறொன்றும் அறியப்படாத வீரர்களுக்கும் அங்ஙனம் கட்டுரைகள் உண்டாயின. 2022ஆம் ஆண்டு அச்சலுகை நீக்கப்பட்டது. ஆடினார் என்பது மட்டும் போதாது, அவரைப் பற்றிப் பிறர் விரிவாக எழுதியிருத்தலும் வேண்டும் என்பது இன்றைய நிலை.

இவ்விதியை வன்மம் எனக் கூறுதல் பொருந்தாது. நினைவு தன்னை அறியாமலே மிகைப்படுத்தும் இயல்புடையது. ஐந்து விக்கெட்டுகள் முப்பது ஆண்டுகளில் எட்டு விக்கெட்டுகள் ஆகிவிடும். பதிவுகள் மிகுந்த இடத்திலேயே ஐயம் நிலவுவதுண்டு. 1934ஆம் ஆண்டு சென்னையில் நடந்த முதலாவது ரஞ்சிக் கிண்ண ஆட்டத்தில் முதற்பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். சென்னை அணிக்கும் இலங்கை அணிக்குமிடையே 1950களில் தொடங்கிய போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அத்துணைப் புகழ் பெற்றவர் பிறந்த ஆண்டு 1909 எனவும் 1906 எனவும் இருவேறாகக் கூறப்படுகின்றது. இந்நிலையில், கேட்டதையெல்லாம் எழுதலாம் எனின், கலைக்களஞ்சியம் கட்டுக்கதைகளின் தொகுப்பாகும். அதனால் முதலில் இழப்படைபவரும் தோட்டத்துப் பந்துவீச்சாளரே. அவரைப் பற்றிய உண்மையைப் பொய்களிடையே எவரும் நம்பமாட்டார்.

எனினும், நீக்கியவர் பக்கத்து நியாயம் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றது. அதற்கு மேல் ஓரடி செல்லினும் அது தவறாகும். அவ்வடி யாதெனத் தெளிதற்கு நம் மரபின் அளவை நூல்கள் உதவுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பொருள்களை அறிதற்குரிய அளவைகளை வகுத்துக் கூறுகையில் அபாவத்தையும் குறிப்பிடுகின்றது. ஒரு பொருள் காணப்படாமையால் அப்பொருள் இல்லை என அறிதலே அபாவமாகும். இதனைக் குறித்து இந்திய அளவை நூலார் விதித்த கட்டுப்பாடு நுட்பமானது. ஒரு பொருள் இருந்திருப்பின் காணப்பட்டேயிருக்கும் என்னும் நிலை உள்ளவிடத்து மாத்திரமே, காணாமை இன்மைக்குச் சான்றாகும். ஒளி நிறைந்த அறையின் மேசைமீது குடம் காணப்படவில்லையெனின், குடம் இல்லை எனலாம். இருண்ட அறையில் அங்ஙனம் கூறல் இயலாது. அங்கே கூறத்தக்கது, காணவில்லை என்பது மட்டுமே.

இங்கிலாந்தின் லோர்ட்ஸ் மைதானத்தில் ஒருவர் பத்து விக்கெட்டுகள் வீழ்த்தினார் என எவரேனும் கூறி, ஏடுகளில் அது காணப்படாவிடின், அது நிகழவில்லை என முடிவு செய்யலாம். அங்கே ஒவ்வொரு பந்தும் எழுதப்பட்டது. லுணுகலைத் தோட்டத்து மைதானத்தைப் பற்றி அங்ஙனம் முடிவு செய்தல் இயலாது. அங்கே எழுதுவார் எவரும் அமர்ந்திருக்கவில்லை. அந்த அறை இருண்டதாகவே இருந்தது. ஆகவே, கலைக்களஞ்சியம் கூறக்கூடியது, இவரைப் பற்றி இப்போது எழுத இயலவில்லை என்பதேயாகும். இவர் குறிப்பிடத்தக்கவரல்லர் என்று கூறும்போது, அது தன் அளவையின் எல்லையைக் கடந்துவிடுகின்றது. இவ்விரு கூற்றுக்களும் ஒன்றுபோலத் தோன்றலாம். மலையக மக்களோ இவற்றின் வேறுபாட்டைத் தம் வாழ்விலேயே அறிந்தவர்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிடம் கேட்டது பதிவைத்தான். இலங்கையிற் பிறந்தவராயினும், தந்தை இலங்கையிற் பிறந்தமையை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமையை நிறுவுதல் வேண்டும் என்றது. லயத்துக் காம்பராவிற் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? 1949ஆம் ஆண்டின் சட்டம், மணமானோர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதோர் பத்து ஆண்டுகளும் இடையறாது இங்கே வாழ்ந்தமையைக் காட்டும்படி கேட்டது. கண்முன்னே வாழ்ந்துகொண்டிருந்த மக்கள், தாம் வாழ்ந்ததற்குத் தாள் தேடி அலைந்தனர். தாள் கிடைக்காதவர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும் என்று. எஞ்சி நின்ற நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. பதிவில்லை என்பதிலிருந்து உரிமையில்லை என்று தாவிய தருக்கத்தின் விலையை அவர்கள் ஐம்பத்தைந்து ஆண்டுகள் செலுத்தினர். இத்தகைய மக்களின் வழிவந்த இளைஞனிடம் சான்று எங்கே என்று வினவுபவர், வினாவில் தவறில்லையாயினும், அது அவன் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை எண்ணிப்பார்த்தல் நன்று.

தோட்டங்களில் எழுத்து இல்லாமையால் இக்குறை நேர்ந்தது எனச் சிலர் கூறலாம். உண்மை அதற்கு மாறானது. தோட்டங்களில் எழுத்து மிகுந்திருந்தது. இந்தியாவிலிருந்து வந்தோர் கழுத்தில், செல்லவேண்டிய தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு தொங்கவிடப்பட்டது. தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல, அவரது கடன் தீர்ந்தமையைக் கூறும் துண்டு தேவைப்பட்டது. 1921ஆம் ஆண்டிலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. நாள்தோறும் செக்ரோலில் அவர் பெயர் பதியப்பட்டது. தோட்டத்து வழக்கில் ஒருநாட் கூலிக்குப் பேர் என்பதே சொல்லாகும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாதவருக்கு அரைப்பேர் கிடைக்கும். தன் பெயரே கூலியின் அளவாகிவிட்ட மனிதரைப் பற்றி, அவர் பறித்த கொழுந்தின் நிறை இறாத்தல் கணக்கிலும் கிலோக் கணக்கிலும் எழுதப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் எழுதப்படவில்லை. எழுதுகோல் இருந்தது; அது எதனைப் பொருட்படுத்தியது என்பதே வினா.

கிரிக்கெட் வரலாற்றிலும் இதனைக் காணலாம். தீண்டாமைக்கு உட்பட்ட சமூகத்திற் பிறந்த பல்வாங்கர் பாலூ, புனேயில் வெள்ளையரின் விளையாட்டுக் கழகத்து மைதானத் தொழிலாளியாய் வலைப்பயிற்சியில் பந்து வீசியவர். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் அவர் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். பல்லாண்டுகள் மறக்கப்பட்டிருந்த அவரை, வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா 2002ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் மீண்டும் பலர் அறிந்தனர். எண்ணுவோர் அமர்ந்திருந்த மைதானங்களில் அவர் ஆடியமையால், மீட்டற்கு அங்கே ஒரு கணக்கு இருந்தது. இலங்கை அணிக்கு 1980களில் ஆறு டெஸ்ட் ஆட்டங்களே ஆடிய வினோதன் ஜோன் 28 விக்கெட்டுகளை, ஒன்றுக்கு 21.92 ஓட்டங்கள் என்னும் சராசரியில் வீழ்த்தினார். இன்று அவரை நினைப்போர் சிலரே. எனினும் அவ்வெண் எவரேனும் தேடிவரும் வரை காத்திருக்கும். தோட்டத் தொழிலுக்காக 1920ஆம் ஆண்டு இலங்கை வந்தவரின் பேரனாகிய முத்தையா முரளிதரன், 2010ஆம் ஆண்டு 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அவர் கண்டியில் வளர்ந்து, அங்கே பெயர்பெற்ற கல்லூரியொன்றில் பயின்றவர். அவ்வாய்ப்பு இன்றி நமுனுகுல மலையடியில் நின்றுவிட்ட மணிக்கட்டுகள் எத்தனை என எவரும் கூறல் இயலாது.

முரண் இன்னும் உண்டு. ஷெஹான் கருணாதிலக எழுதி 2012ஆம் ஆண்டு பொதுநலவாயப் புத்தகப் பரிசு பெற்ற 'சைனாமேன்' என்னும் நாவல், மறக்கப்பட்ட பந்துவீச்சாளர் ஒருவரைத் தேடும் கதை. பிரதீப் மெத்தியூ என்னும் அப்பந்துவீச்சாளர் கற்பனைப் பாத்திரம். நாவல் புகழ்பெற்றமையால் அவர் பெயர் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றுவிட்டது. 2012ஆம் ஆண்டு நடந்த இலங்கை பிரிமியர் லீக் போட்டியில் கிண்ணம் வென்றது ஊவா நெக்ஸ்ட் என்னும் அணி. அப்போட்டியின் ஆட்டங்கள் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன; ஊவாவில் ஒன்றேனும் நடக்கவில்லை. வாழாத பந்துவீச்சாளருக்கும், ஊவாவில் ஆடாத ஊவா அணிக்கும் ஏட்டில் இடமுண்டு. ஊவாவில் வாழ்ந்து ஆடியவருக்கு இல்லை. இதில் எந்த விதியும் மீறப்படவில்லை என்பதே சிந்தித்தற்குரியது. விதிகள் யாவும் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டும் அநீதியொன்று எஞ்சுமாயின், அதன் வேர் விதிக்கு முற்பட்ட இடத்தில் இருத்தல் வேண்டும். எவர் வாழ்வு எழுதப்படத் தக்கது என ஒரு சமூகம் நெடுங்காலமாகச் செய்துவந்த தெரிவிலே அது இருக்கின்றது. கலைக்களஞ்சியம் அத்தெரிவைக் காட்டும் கண்ணாடி.

அங்ஙனமாயின் விதியைத் தளர்த்தலே நீதி என வாதிடுதல் எளிது. 2011ஆம் ஆண்டு அசல் பிரபலா என்பவர் முன்னின்று நடத்திய முயற்சியொன்று இங்கே நினைக்கத்தக்கது. எழுத்தில் இல்லாத வழக்கங்களை, அறிந்தோர் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து, அப்பதிவையே சான்றாகக் காட்டும் முயற்சி அது. மலையாளம், இந்தி, தென்னாபிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் அது நடந்தது. கேரளத்துச் சிறுவர் பலரும் அறிந்த விளையாட்டொன்றும் அதில் இடம்பெற்றது. பல்லாயிரவர் அறிந்த ஒன்றை, அச்சில் வரவில்லை என்பதால் அறியப்படாதது என்று கூறல் தகுமா என அம்முயற்சி வினவியது. அதன் சிறப்பு, வாய்மொழியை வெறும் கேள்வியாக விட்டுவிடாது, கூறியவர், கூறிய இடம், கூறிய நாள் ஆகியவற்றோடு பிறர் கேட்டுச் சோதிக்கக்கூடிய பொருளாக்கியமையாகும். விதியின் உயிர் சோதிக்கத்தக்கமையில் உள்ளது. அச்சு என்பது அதன் உடல்களுள் ஒன்று.

தமிழ் மரபு இவ்விடயத்தில் வறுமையுடையதன்று. செங்கத்துக்கு அண்மையிலுள்ள எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கப் போராடி உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுக்கப்பட்டது அது. கள்வர் இருவரைக் கடித்து நின்ற அவனது நாயின் பெயரும் கோவிவன் என அக்கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றது. அரசவை வரலாற்றில் இடம்பெறாத சிற்றூர் மனிதனை அவனுடைய ஊராரே எழுதினர். எவரேனும் வந்து எழுதுவர் எனக் காத்திராது, நிகழ்ந்ததை நிகழ்ந்த இடத்திலேயே எழுதி நிறுத்தினர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் ஆராய்ச்சியாளர் கையில் அது முதற்சான்றாயிற்று. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த நீதி, இருபதாம் நூற்றாண்டில் ஊவாத் தோட்டத்து மனிதருக்குக் கிடைக்கவில்லை.

சங்க நூல்களைத் தொகுத்தோரிடமும் கற்கவேண்டியது ஒன்றுண்டு. பாடல் கிடைத்து, பாடியவர் பெயர் கிடைக்காதவிடத்து அவர்கள் பெயரொன்றைப் புனையவில்லை, பாடலையும் விலக்கவில்லை. பாடலிலுள்ள தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் எனவும் அணிலாடு முன்றிலார் எனவும் வழங்கினர். அறிந்ததை அறிந்த அளவிலே கூறி, அறியாததை வெற்றிடமாகவே விட்ட நேர்மை அது. தோட்டத்துப் பந்துவீச்சாளரைப் பற்றி எழுதுவோனும் இந்நேர்மையைக் கைக்கொள்ளல் வேண்டும். இத்தனை விக்கெட்டுகள் என எண்ணைப் புனைவானாயின், அவரை இரண்டாம் முறை அழிப்பவனாவான். முதல் முறை மறதி அழித்தது. இம்முறை அவரிடத்தில் பிறிதொருவரை வைத்துப் புகழ் அழிக்கும். எண் தெரியாவிடின் எண்ணை விடுக. அவருடைய பந்தை எதிர்கொண்டவர் கூறியதை, கூறியவர் பெயரோடு எழுதுக. இருவர் கூற்று முரணுமாயின், இரண்டையும் எழுதுக.

இவ்விடத்து மற்றுமொரு கடமையும் உண்டு. பந்துவீச்சாளர் உயிரோடிருப்பவராயின், அவர் சம்மதம் பெறுதல் வேண்டும். தம் இளமையின் ஆட்டத்தைத் தமக்கும் தம் தோழர்க்கும் உரியதாகவே வைத்துக்கொள்ள அவர் விரும்பலாம். அரசாங்கமும் நிருவாகமும் கேளாமலே தம் பெயரை எழுதி வந்த மக்களிடம், கேட்டபின் எழுதுதல் ஒரு மரியாதையாகும். மறக்கப்பட்டவரை மீட்கின்றோம் என்னும் பெருமிதம் எழுதுபவனுக்கே அணியாகிவிடவும் கூடும்.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வினாக்களுக்கு விடை காணலாம். நீக்கியவர், எழுத இயலவில்லை என்னும் அளவில் நின்றாராயின், அநீதி இழைக்கவில்லை. எழுதியவன் எழுதத் தகாததை எழுதவில்லை. ஆனால் கட்டவேண்டிய வரிசையில் மேற்கூரையை முதலிற் கட்டினான். கலைக்களஞ்சியம் இறுதியில் வருவது. அதற்கு முன் தோட்டத்துப் பாடசாலை மலர், விளையாட்டுக் கழக ஆண்டறிக்கை, ஊர்ப் பத்திரிகைக் குறிப்பு, ஒலிப்பதிவு ஆகியன வரல் வேண்டும். மலையகத்தில் இப்பணியைச் செய்து காட்டியோர் உளர். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றினார். ஹாலிஎலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப், சிதறிக் கிடந்த மலையகச் சிறுகதைகளைத் தேடி அவற்றின் வரலாற்றை எழுதினார். அவர்கள் உழைப்பின்றேல், அப்பாடல்களையும் கதைகளையும் பற்றி எந்தக் கலைக்களஞ்சியமும் இன்று ஒரு வரி எழுத இயலாது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்கள், இத்தகைய சிறு வெளியீடுகளையும் பேணி வைக்கின்றன. விளையாட்டுக்கு இன்னும் ஒரு வேலுப்பிள்ளை தோன்றவேண்டியிருக்கின்றது. பொறுப்பாளர் யார் என்னும் வினாவுக்கு இதுவே விடை: எழுத்தறிவும் ஓய்வும் பெற்ற தலைமுறை, குறிப்பாகத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை வந்துசேர்ந்தோர்.

இக்கடனைத் தீர்த்தற்குரிய காலம் நீண்டதன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதற்கு முதல் நாட்களில் ஒன்றோடொன்று பெரிதும் மாறுபட்ட எண்கள் கூறப்பட்டன. ஒரு லயத்தில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதே உடன் தெரியாதபோது, அவர்களுள் யார் பாடினார், யார் பந்து வீசினார் என்பதை யார் அறிவார்? மண்ணின் கீழ்ச் சென்ற பெட்டிகளில் பிறப்புச் சான்றிதழ்களோடு பழைய புகைப்படங்களும் இருந்திருக்கும். எஞ்சிய தோட்டங்களில் முதியவர்கள் இன்னும் இருக்கின்றனர். இளைஞன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் செல்லட்டும். முதலில் பெயரைக் கேட்கட்டும். பின்னர் அவர்கள் எதிர்கொண்ட பந்து எவ்வாறு திரும்பியது என்று கேட்கட்டும்.